கோட்டை மேலிருந்து தெரிந்த கபுர்

2023 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாள். சனிக்கிழமை விடியற்காலை படகுக்காரர்களுக்குப் போட வேண்டிய இடியாப்பத்துக்காக நூர்நிஷா அரிசியை ஊறவைத்துவிட்டு நிமிர்ந்தாள். செல்போன் அடித்தது. ஓமன் நம்பர், ஆனால் புருஷனுடையது அல்ல.

"அக்கா, நான் அழகுமலை. பாய் கூட வேல பாக்குறேன்ல, அரிமளத்துக்காரன்."

"சொல்லுங்க தம்பி."

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அவள் புருஷன் தாஜுதீன் காலையில், தான் காவல் பார்த்த கோட்டையின் வாசலைத் திறந்துவிட்டு, டிக்கெட் கிழிக்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது ஐம்பத்தேழு. மதியத்துக்குள் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்குவதா? அனுப்புவதென்றால் இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை ஐஸ் பெட்டியில் கிடக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி என்றதும் நூர்நிஷாவுக்கு மீன்தான் நினைவுக்கு வந்தது. தெருமுனையில் ஐஸ் பிளான்ட். பெட்டி பெட்டியாக மீன் அடுக்குவதைப் பார்த்தே வளர்ந்தவள். அதற்குள் வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். மய்யித்தை, இறந்த உடம்பை, காக்கவைக்கக் கூடாது என்றார் ஒருவர். "அரபு மண்ணுல அடங்குறதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்மா. லட்சத்துல ஒருத்தருக்குக் கெடைக்கும்," என்றார் இன்னொருவர். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தெருவில் பிறந்த யாரும் இந்தப் பேச்சை மறுத்துப் பேசியதில்லை. நூர்நிஷாவும் மறுக்கவில்லை. சரி என்று சொன்னாள்.

தாஜுதீனின் தங்கை ஷமீமா கோட்டைப்பட்டினத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியளா மச்சி?" அண்ணன் பெண்டாட்டியை ஷமீமா மச்சி என்றுதான் கூப்பிடுவாள். "கருவாட்டு மூட்டையக்கூட கப்பல்ல ஏத்தி வீடு கொண்டாந்து சேக்குறாக. எங்கண்ணன அங்கிட்டே விட்டுட்டியளே!"

கூடியிருந்த பெண்கள் ஷமீமாவை அதட்டினார்கள். ஆனால் சொல் விழுந்துவிட்டது. அதன் பிறகு நூர்நிஷாவால் ஒரு நாளும் அதைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

தாஜுதீன் கடலில் இருந்தவர். கல்யாணமான புதிதில் மாமனார் பங்கு வைத்திருந்த விசைப்படகில் வலை இழுத்தார். எல்லை தாண்டியதாக ஒருமுறை பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வந்தார். வந்தவர் படகுப் பக்கமே போகவில்லை. அலைச் சத்தம் கேட்டால் தூக்கம் வரவில்லை என்றார். வீடோ கரையிலிருந்து கூப்பிடு தூரம். அடுத்த வருஷமே ஏஜென்ட்டைப் பிடித்து, தண்ணீரே கண்ணில் படாத ஒரு ஊருக்கு விமானம் ஏறினார்.

ஓமனில் மலைக்கும் மணலுக்கும் நடுவே இருந்தது அந்த ஊர். பேரீச்சந் தோப்பு ஒன்று, அதைக் காக்க மண்ணால் கட்டிய பழங்கோட்டை ஒன்று. அவ்வளவுதான். கோட்டையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். தாஜுதீனுக்கு வாசல் காவல். அழகுமலைக்கு விளக்கு, ஒயரிங் வேலை. மிச்ச நேரத்தில் படிக்கட்டு கூட்டுவது. கோட்டைக்குப் பின்னால் ஒரே அறையில் இருவரும் தங்கியிருந்தார்கள்.

பேச வேறு சேதி இல்லாதபோது தாஜுதீன் கோட்டையைப் பற்றிப் பேசுவார். வாசல் கதவுக்குள்ளேயே ஒரு குட்டிக் கதவு இருக்கிறதாம், எவ்வளவு பெரிய ராஜாவானாலும் குனிந்துதான் நுழைய வேண்டுமாம். வாசலுக்கு நேர் மேலே ஒரு துவாரமாம், எதிரி வந்து நின்றால் கொதிக்கக் கொதிக்கப் பேரீச்சம்பாகை ஊற்றுவார்களாம்.

"பாகையா? தலையிலயா?" நூர்நிஷா சிரித்தாள். "அநியாயமால்ல இருக்கு. ரெண்டு தட்டு அல்வா கிண்டியிருக்கலாம்."

"ஒனக்கு எந்நேரமும் அடுப்புதான்," என்றார் தாஜுதீன். "நீ மட்டும் அங்கிட்டு இருந்திருந்தா எதிரியும் உக்காந்து தின்னுட்டுத்தான் போயிருப்பான்."

ஒருதடவையாவது கூட்டி வந்து காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பதினோரு வருஷம் போனது.

கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. நூர்நிஷா உள் அறையில் இருந்தாள். அன்னிய ஆண் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. அரைக்கவும் பிழியவும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து வியாபாரத்தை ஓட்டினாள். அடக்கம் முடிந்த வாரம் அழகுமலை போன் பண்ணினார். நூர்நிஷா எடுக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கிற மகள் பாசிலாதான் அவரிடம் எடுத்துச் சொன்னாள், "அண்ணே, அம்மா இத்தால இருக்காங்க. ஆம்பளைங்ககிட்ட பேச மாட்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

அழகுமலை தப்பாக நினைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சு எதுவும் இல்லாமல் ஒரு போட்டோ மட்டும் அனுப்பினார். உயரத்திலிருந்து எடுத்த படம். மங்கலாக ஒரு மண் சுவர், சுவருக்குள் ஒரு முள்மரம், மரத்தடியில் நீளவாக்கில் ஒரு மண் மேடு, அதில் நட்ட கற்கள். அது கபுர், புருஷனைப் புதைத்த இடம் என்று நூர்நிஷாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, இறந்தவர்களுக்காகக் குர்ஆனிலிருந்து ஓதும் யாசீனை ஓதினாள்.

வாராவாரம் படம் வந்தது. மழை பெய்த வாரம் மண் கறுத்திருந்தது. வெயில் காலத்தில் மரம் இலையை உதிர்த்திருந்தது. இத்தா முடிந்து வெளியே வந்த பிறகும் பேச்சு பெரிதாக ஏற்படவில்லை. "கெடச்சுச்சு தம்பி" என்று இவள் குரல் பதிவு அனுப்புவாள். அவர் கை கூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். பாசிலாவுக்கு அத்தாவின் கபுரைப் படமாகப் பார்க்கத் தெம்பில்லை. "எனக்கு அனுப்பாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். ஷமீமா வந்தால் மட்டும் நூர்நிஷா போனை நீட்டுவாள். விதவையான ஷமீமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பாள். தரும்போது, "படத்துல பாத்து என்ன செய்ய? ஒரு ஆளு கிட்டக்கப் போயி நின்னு ஸலாம் சொல்லல," என்பாள்.

போய் நிற்க வேண்டும். நூர்நிஷாவுக்கு அப்போதிருந்து அந்த ஒரே நினைப்புதான். கிட்டத்தில் போய் நின்று, ஸலாம் சொல்லிவிட்டு, திரும்பி வந்து ஷமீமாவின் முகத்தைப் பார்த்து, "நின்னேன்" என்று சொல்ல வேண்டும்.

பாசிலா உண்டானதும் வழி திறந்தது. பிரசவம் பார்க்க அம்மாவை வரவழைத்தாள். 2025 ஜனவரியில் நூர்நிஷா திருச்சியில் விமானம் ஏறினாள். பேரன் பிறந்தான். பிரசவத்தின் நாற்பது நாள் கழிவதற்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், மருமகன் வாஜித் காரை எடுத்தான். சூப்பர் மார்க்கெட்டில் வேன் ஓட்டுகிறவன். ஓமனின் சாலைகள் அத்தனையும் அத்துப்படி. மூன்று மணி நேர ஓட்டம். இரண்டு பக்கமும் மலை, ஒரு பச்சை கிடையாது. பிறகு ஒரு திருப்பத்தில் திடீரென்று பேரீச்சந் தோப்பு. அதன் தலைமாட்டில் கோட்டை. மண் நிறத்தில், மண்ணிலிருந்தே முளைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

வாசலில் அழகுமலை காத்திருந்தார். போனில் கேட்ட குரலை வைத்து நூர்நிஷா வாட்டசாட்டமான ஒருவரை நினைத்திருந்தாள். வந்து நின்றவர் ஒல்லியாக, முன்நெற்றி ஏறிப்போய், சட்டைப் பையில் டெஸ்டரோடு இருந்தார்.

"வாங்கக்கா. வாங்க மாப்ள. சாப்ட்டாச்சா? சோறு ஆக்கி வச்சிருக்கேன். கோழிதான். மீனு இங்கிட்டு வர்றதுக்குள்ள அதுக்கே வயசாயிரும்."

வாஜித் சிரித்தான். நூர்நிஷா குட்டிக் கதவில் குனிந்து நுழைந்தாள். தாஜுதீன் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கண் தேடியது. அது இருந்த இடத்தில் காபிக் கடை ஒன்று போட்டிருந்தார்கள்.

"பெஞ்சி எங்க தம்பி?"

"அத எடுத்துட்டாங்கக்கா. போன வருசம்," என்ற அழகுமலை, அதைத் தானே எடுத்துவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கபுரு எங்கன இருக்கு? நடந்து போற தூரமா?"

"மேல போவோம்க்கா. மேல போனாத்தான் தெரியும்."

மேலே ஏன் போக வேண்டும் என்று நூர்நிஷாவுக்கு அப்போது புரியவில்லை. இருட்டான வளைபடிகளில் ஏறும்போதுதான் அழகுமலை விஷயத்தைச் சொன்னார். அடக்கத்தன்று கம்பெனி வண்டியில் உடம்பு வந்தது. ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிப் போனார்கள். இவரும் பின்னாலேயே போனார். கபுர்ஸ்தான் சுவருக்கு வெளியே நின்றுவிட்டார்.

"உள்ள போகலையா?" என்று வாஜித் கேட்டான்.

"விடுவாங்களா, மாட்டாங்களான்னு தெரியல மாப்ள. யாருகிட்ட கேக்குறது? பாசையும் அரைகொறை. கேட்டு, கூடாதுன்னு சொல்லிட்டாகன்னா அன்னைக்கி எனக்குத் தாங்காது. சாயந்தரம் வெளக்குப் போட இங்கிட்டு ஏறி வரணும்ல, ஓடி வந்து இங்கன நின்னு பாத்தேன். மரத்தடியில எல்லாரும் வரிசையா நின்னாக. நானும் நின்னேன்."

"கூட வேல பாத்த தமிழ் ஆளுங்க, நம்ம ஆளுங்க வேற யாரும் இல்லையா?" என்றான் வாஜித்.

"நாங்க ரெண்டு பேருதான்."

கொத்தளத்தின் உச்சி வட்டமாக, இடுப்பளவு சுவரோடு இருந்தது. சோலைக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு காலத்தில் காவலாளிகள் கண் வைத்திருந்த இடம். நாலு பக்கமும் மணல். காலடியில் பேரீச்சை உச்சிகள், ஊடாக வெள்ளிக் கம்பி மாதிரி வாய்க்கால். தோப்பு முடிகிற இடத்தில் மண் சுவர். சுவருக்குள் நூற்றுக்கணக்கில் மேடுகள். பெயர் இல்லை, பலகை இல்லை, கட்டிடம் இல்லை. நட்டுவைத்த சாதாரணக் கற்கள் மட்டும். ஊரில் பெயரும் தேதியும் வெட்டிய மீஸான் கல் வைப்பார்கள் என்று ஆண்கள் பேசக் கேட்டிருந்த நூர்நிஷா திகைத்தாள்.

"அந்தா பாருங்க. முள்ளு மரம். அதுக்கு இங்கிட்டு ஒட்டுனாப்புல ஒண்ணு."

படத்தில் இருந்தது அதுதான். அதே மரம், அதே மேடு. நூர்நிஷா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கண் நிறைந்து பார்வையை மறைத்தது.

"நான் கீழ போகணும்."

வாஜித் தயங்கினான். "பொம்பளைங்க உள்ள போனா இங்க உள்ளவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க மாமி. நம்ம ஊருலயும் போறதில்லல்ல? நான் போறேன். மாமா பக்கத்துல நின்னு ஒங்க ஸலாத்தச் சொல்றேன். அங்கன நின்னு கைய ஆட்டுறேன், நீங்க இங்கேருந்து ஓதுங்க."

அவனை மீறிப் போக அவளுக்குத் தைரியம் இருந்தது. ஆனால் ஊர்க்காரன் எவனாவது வந்து மருமகனை ஏசினால் என்ன செய்வது என்று நினைத்தாள். சரி என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் சொன்ன அதே சரி.

வாஜித் இறங்கிப் போனான். தோப்பின் ஓரமாக நடந்தான், சுவரின் வாசலில் செருப்பைக் கழற்றினான், மேடுகளுக்கு நடுவே கவனமாகக் கால் வைத்து மரத்தை அடைந்தான். நூர்நிஷா இரண்டு கைகளையும் ஏந்தினாள். அழகுமலை கொஞ்சம் தள்ளிப்போய்க் கை கட்டி நின்றார்.

வாஜித் கையை ஆட்டவில்லை. குனிந்தான். மேட்டைச் சுற்றி வந்தான். மறுபடி குனிந்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். இங்கே நூர்நிஷாவின் போன் அடித்தது. காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அழகுமலை ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தார்.

"மாமி, இதான் கபுருன்னு அண்ணன் சரியாத்தான் சொன்னாரா?"

"ஏன்?"

"இதுல மூணு கல்லு இருக்கு."

"இருந்தா என்ன?"

"ஆம்பள கபுருக்கு ரெண்டு கல்லுதான் வைப்பாங்க மாமி. தலமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. நடுவுல மூணாவது வச்சா அது பொம்பள. நம்ம பக்கத்துலயும் சில ஊருல அப்படித்தான். இது... இது யாரோ ஒரு அம்மா."

நூர்நிஷா கையிலிருந்த போனைப் பார்த்தாள். கபுர்ஸ்தானுக்குள் காலே வைக்காதவள் அவள். உள்ளே வரலாமா என்று கேட்கவே பயந்து வெளியே நின்றவர் அழகுமலை. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு வருஷமாக ஒரு கபுரைக் காத்து வந்திருக்கிறார்கள். எத்தனை கல் என்று இருவரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"அந்த வாரத்துல ஒரு மணல் காத்து அடிச்சிச்சு," என்றார் அழகுமலை. "மறுநா வந்து பாத்தேன். மரத்தடியில புதுசா ஒரே ஒரு மேடுதான் எடுப்பாத் தெரிஞ்சிச்சு. அதான்னு நெனச்சேன். அக்கா, சத்தியமா அதான்னுதான் நெனச்சேன்."

கீழே வாஜித் மரத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தான். ஆட்டுக்குட்டியை ஓட்டி வந்த கிழவர் ஒருவர் சுவரோரம் நின்று அவனோடு பேசினார். கிழவர் தோப்பைக் காட்டினார், மலையைக் காட்டினார், கையை விரித்தார். வாஜித் மறுபடி கூப்பிட்டான்.

"போன வருசம் மலையிலேருந்து வெள்ளம் வந்துச்சாம் மாமி. இந்தப் பக்கம் நெறைய கல்லு சாஞ்சு போச்சாம். எடுத்து நட்டிருக்காங்க. மரத்துக்கு அந்தாண்ட ரெண்டு கல்லு வச்சது ஏழெட்டு இருக்கு. எதுன்னு அவருக்குத் தெரியலையாம். வெளியூர் ஆளுகள யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்லையாம்."

நூர்நிஷா மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மேடுகளைப் பார்த்தாள்.

"மாமி, நீங்க ஓதுனது எல்லாம் மாமாவ நெனச்சுத்தானே? நிய்யத்து, மனசுல உள்ள எண்ணம், அது இருக்குல்ல? கண்டிப்பாப் போயிச் சேந்திருக்கும்."

"சேந்திருக்கும்னா," என்றாள் நூர்நிஷா, "நான் இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன் மாப்ள?"

வாஜித் பொதுவாக எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னான். போன் நின்றது.

அழகுமலை படிக்கட்டின் தலையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "யாரோ ஒரு பொம்பளைக்கா ரெண்டு வருசமா... பாய் என்ன நெனப்பாரு? மலை, ஒனக்கு அதுகூடத் தெரியாதாடான்னு கேப்பாருல்ல," என்று தனக்குத்தானே சொன்னார்.

அவரைப் பார்க்க நூர்நிஷாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நெஞ்சுவரை வந்து, போக இடமில்லாமல் நின்றது. விசேஷ நாளா, காய்ச்சலா, மழையா, எதையும் பார்க்காமல் வெள்ளிக்கிழமைதோறும் இத்தனை படி ஏறி வந்தவர் இந்த மனுஷர் ஒருவர்தான்.

"எந்திரிங்க தம்பி. அந்த அம்மாவுக்குப் புள்ளகுட்டி உண்டோ இல்லையோ. நாலு யாசீன் போயிருக்கு. போகட்டும்."

சொன்ன சொல்லில் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் அழகுமலை எழுந்தார்.

வெயில் சாய்ந்தது. கீழே இறங்கும்போது அழகுமலை வழக்கம் மாறாமல் விளக்குகளைப் போட்டுக்கொண்டே வந்தார். பேரீச்சம்பழ மூட்டை அடுக்கி வைத்த அறையையும், பாகு வடிந்து ஓடத் தரையில் வெட்டிய கால்வாய்களையும், வாசலுக்கு மேலிருந்த துவாரத்தையும் காட்டினார். நூர்நிஷா துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே காபிக் கடை தெரிந்தது. வாசலில் அந்தக் கடைப் பையன் அவளை நிறுத்தி, ஏலக்காய் மணக்கும் காபியும் மூன்று பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று கையாட்டினான். இந்த இடத்தில்தான் என் புருஷன் மௌத்தானார் என்று அவனிடம் சொல்ல அவளுக்குப் பாஷை இல்லை. குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள். கோழிச் சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச்சில் ஊர் திரும்பினாள். பெட்டி பிரிப்பதற்குள் ஷமீமா வந்துவிட்டாள்.

"பாத்தியளா மச்சி? நின்னியளா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. நின்றேன் என்று சொல்லிவிட்டால் ஒரு சொல்லோடு முடியும். ஷமீமாவுக்கும் அதுதான் வேண்டும். நூர்நிஷா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. எதுன்னே தெரியல. படத்துல நம்ம பாத்தது வேற யாரோ."

ஷமீமாவுக்குப் புரியவில்லை. நூர்நிஷா கல் கணக்கையும் வெள்ளத்தையும் சொல்லி முடித்தாள்.

"அப்ப எங்கண்ணன் எங்கதான் இருக்காரு?"

"ஒரு மண் செவுரு. அதுக்குள்ள எங்கேயோ."

ஷமீமா ஏசுவாள் என்று நூர்நிஷா எதிர்பார்த்தாள். ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது. ஷமீமா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வரவில்லை. நோன்புப் பெருநாளைக்கும் வரவில்லை.

நூர்நிஷா இப்போதும் சனி, திங்கள், புதன் விடியற்காலையில் இடியாப்பம் பிழிகிறாள். கோட்டை விளக்குகள் தானாக எரிகிற மாதிரி புது ஒயரிங் போட்டுவிட்டார்கள். அழகுமலையின் விசாவை இனி புதுப்பிப்பதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அடுத்த மாதம் அவர் அரிமளம் திரும்புகிறார். அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை; வெள்ளிக்கிழமைகளில் கொத்தளத்தில் ஏறி அந்த மண் சுவரைப் பார்க்க இனி யாரும் இல்லை.